பழைய பெற்றரி: குப்பையா, சுரங்கமா?

எங்கள் ஊர் நோர்வூட். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவை செல்லும் பாதையில் வரும் சிறிய பஸார். அங்கே வாப்பாவுக்கு ஒரு பெற்றரிக் கடை இருக்கிறது. மூத்தவாப்பா தொடங்கிய கடை அது. நான் இப்போது கொழும்பில் சாச்சி வீட்டில் தங்கி உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். வகுப்பில் மின்னிரசாயனப் பாடம் தொடங்கிய நாளன்று, ஆசிரியை கரும்பலகையில் ஈய அமிலக் கலத்தை வரைந்தபோது, என் மூக்கில் எங்கள் கடையின் வாசனை வந்தது. அந்தப் பாடமும் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவமும்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

மூத்தவாப்பாவின் காலத்தில் தோட்டத்து லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் இருக்கவில்லை. குப்பி விளக்குத்தான். ஆனாலும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த காம்பராக்கள் இருந்தன. அவை கார் பெற்றரியில் ஓடின. பெற்றரி இறங்கிவிட்டால் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து, மலையிலிருந்து பஸாருக்கு இறங்கி வந்து, எங்கள் கடையில் சார்ஜ் போடக் கொடுப்பார்கள். மறுநாள் வந்து தூக்கிச் செல்வார்கள். சனிக்கிழமை படம் பார்ப்பதற்காக வெள்ளிக்கிழமையே கடை வாசலில் பெற்றரிகள் வரிசையாக நிற்குமாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லக்ஷபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்கும் எங்கள் மலைத் தண்ணீர்தான் நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. அந்தக் குளங்களைச் சுற்றியிருந்த லயங்களுக்கோ வெளிச்சம் கடைசியாகவே வந்தது. அதுவரை அவர்களுக்கு வெளிச்சம் தந்தது பெற்றரி.

இன்று லயங்களில் மின்சாரம் உண்டு. இருந்தும் பெற்றரி குறையவில்லை, கூடிவிட்டது. முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், கைத்தொலைபேசி, சார்ஜ் பண்ணும் டோர்ச், சூரியப் படல் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் அவசர விளக்கு வாங்கினார்கள். அன்று வாங்கிய விளக்குகளின் பெற்றரிகள் இப்போது செத்துப்போய் வருகின்றன. அவை எங்கே போகின்றன?

ஒரு பெற்றரிக்குள் இருப்பது என்ன?

முதலில் வாகனப் பெற்றரியைப் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கஸ்டன் பிளாந்தே 1859ஆம் ஆண்டு கண்டுபிடித்த ஈய அமிலக் கலம்தான் இன்றும் அதற்குள் இருக்கிறது. ஒரு தட்டு ஈயம். மற்றத் தட்டு ஈயவீரொட்சைட்டு. இரண்டும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கும். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற்று தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ற்று. பெற்றரியின் மேலே ஆறு மூடிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மின்னைப் பெறும்போது இரண்டு தட்டுகளின் மேலும் ஈயசல்பேற்று படியும், அமிலம் ஐதாகும். சார்ஜ் செய்யும்போது இது மறுதிசையில் நடக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஈயசல்பேற்று கடினமான பளிங்குகளாக இறுகிவிடும், தட்டுகள் உதிரும். அப்போது பெற்றரி செத்துவிட்டது என்கிறோம். இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. செத்த பெற்றரியிலிருந்து ஈயம் எங்கும் போய்விடவில்லை. புதிதாக வாங்கிய நாளில் எவ்வளவு ஈயம் இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவும் உள்ளேயே இருக்கிறது. அதன் வடிவம்தான் மாறியிருக்கிறது. பெற்றரியின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவில் ஈயம். பத்துக் கிலோ பெற்றரி ஒன்று வீட்டு மூலையில் கிடந்தால், ஆறு கிலோ உலோகம் அங்கே கிடக்கிறது என்று பொருள்.

அதனால்தான் பழைய பெற்றரி குப்பைமேட்டுக்குப் போவதில்லை. பழைய இரும்பு வாங்குபவர் அதைத் தேடி லயத்துக்கே வருகிறார். உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் ஈயத்தில் பாதிக்கு மேற்பட்டது சுரங்கத்திலிருந்து வருவதில்லை, பழைய பொருட்களிலிருந்தே வருகிறது. மீள்சுழற்சியில் ஈயம் ஒரு வெற்றிக்கதை. ஆனால் அந்தக் கதை எங்கே, யாருடைய கையால் நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழில் ஒரு சொல் நம்மை ஏமாற்றுகிறது. ‘ஈயம் பூசிய பாத்திரம்’ என்று உம்மா சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் களிம்பு பிடிக்காமல் இருக்கப் பூசுவது அது. அப்படிப் பூச வேண்டியது வெள்ளீயம். அது வேறு மூலகம். அதன் குறியீடு Sn அல்லவா என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பெற்றரியில் இருப்பது பழந்தமிழில் காரீயம் எனப்பட்ட கறுத்த ஈயம். அது நஞ்சு. இலங்கையில் நாம் காரீயம் என்று சொல்வதோ போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கும் பென்சில் கரியை. அது உலோகமே அல்ல, வெறும் காபன். ஆக, மூன்று பொருட்களுக்கு ஒரே பெயர் சுற்றிச் சுற்றி வருகிறது. ‘ஈயம்தானே, பாத்திரத்திலேயே பூசுகிறார்கள்’ என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்தப் பேச்சின் விலை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் அடுப்படியில் நடந்தது

என் தம்பிக்கு அப்போது பத்து வயது. காசல்ரீக் குளத்தில் தூண்டில் போடுவதில் பைத்தியம். தூண்டிலுக்குக் குண்டு வேண்டும். கடையில் உடைந்த பெற்றரித் தட்டுகள் கிடந்தன. அவற்றைப் பழைய பால்மா டின்னில் போட்டு, விறகடுப்பில் வைத்து உருக்கி, ஈர மண்ணில் குழி செய்து ஊற்றினான். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்புக்கு அது ஒரு பெரிய வெப்பமே அல்ல. பளபளவென்று குண்டுகள் வந்தன. நண்பர்களுக்கும் செய்து கொடுத்தான். உம்மா திட்டியது டின்னை எடுத்ததற்கு மட்டும்தான். அதே அடுப்பில் அன்றிரவு ரொட்டி சுட்டோம். அந்த வீட்டில் அப்போது என் தாத்தாவும் இருந்தார், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தார்.

பின்னர்தான் பாடம் படித்தேன். ஈயம் உருகும்போது மேலே மிதக்கும் சாம்பல் போன்ற தூள் ஈயவொட்சைட்டு. தட்டில் ஒட்டியிருந்த பசையும் ஈயச் சேர்வைகளே. அந்தத் தூள் அடுப்பிலும் தரையிலும் கையிலும் படியும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, கைக்காது.

உடல் ஈயத்தைக் கல்சியம் என்று தவறாக எண்ணி எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல ஆண்டுகள் தங்கும். கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கல்சியம் இளகும்போது அதுவும் கூடவே இளகிச் சிசுவைச் சென்றடையும். விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவர்களின் உடல் எடுத்துக்கொள்வதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளைகளின் உடல் எடுத்துக்கொள்கிறது. இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம் சேரும். இரத்தச்சோகை பரவலாக உள்ள தோட்டப்புறங்களில் இது சிறிய விடயம் அல்ல. மூளை வளரும் வயதில் ஈயம் சேர்ந்தால் கவனமும் கற்கும் ஆற்றலும் குறையும். இழந்தது திரும்பி வராது. இந்த அளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க ஓர் அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதாரத் தாபனம்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை, தம்பியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்படி வாப்பாவை வற்புறுத்தியது. இரத்த மாதிரி கொழும்புக்கு அனுப்பப்பட்டது. முடிவு வரும்வரை உம்மா சரியாகத் தூங்கவில்லை. இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. மருந்து கொடுக்கும் அளவுக்கு இல்லை. “இதற்கு முதல் மருந்து, ஈயம் வரும் வழியை அடைப்பது” என்றார் வைத்தியர். சில மாதம் கழித்து மீண்டும் பரிசோதித்தபோது அளவு இறங்கியிருந்தது. தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அவன் கணக்குப் பாடத்தில் குறைந்த புள்ளி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உம்மா என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

கான் எங்கே போகிறது?

எங்கள் கடையில் இன்னொரு பழக்கமும் இருந்தது. பழைய பெற்றரி வந்தால் மூடியைத் திறந்து அமிலத்தைக் கடைக்குப் பின்னால் உள்ள கானில் ஊற்றிவிடுவார்கள். பாரம் குறையும், லொறியில் சிந்தாது. வாங்குபவரும் வடித்த பெற்றரிக்கே கிலோவுக்குக் கூடிய விலை கொடுத்தார். ஒரு நாள் நான் பக்கத்தில் நின்றேன்.

“வாப்பா, இந்தத் தண்ணி எங்க போகுது?”

“கானுக்கு.”

“கான் எங்க போகுது?”

வாப்பா பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை. நோர்வூட்டின் தண்ணீர் கெஹெல்கமு ஓயாவுக்குப் போகிறது. அது காசல்ரீயில் தேங்குகிறது. பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகிறது. களனியின் தண்ணீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிநீராகக் கொடுக்கிறார்கள். நான் சாச்சி வீட்டில் குழாயைத் திறக்கும்போது வருவது எங்கள் ஊர்த் தண்ணீர்.

இதைச் சொல்லிக் கொழும்புச் சகோதரிகளைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஈயம் பாரமானது. பெரும்பகுதி வழியிலேயே சேற்றிலும் மண்ணிலும் தங்கிவிடும். ஆகவே தீமை முதலில் விழுவது எங்கோ தூரத்தில் அல்ல, ஊற்றியவனின் வீட்டு வாசலில்தான். தேயிலை வளரும் மண் இயற்கையிலேயே அமிலத்தன்மை உடையது. அமில மண்ணில் ஈயம் எளிதாகக் கரைந்து நகரும். லயத்துத் தொங்கலில் பெற்றரி உடைத்தால், அதன் கீழே உள்ள கீரைப் பாத்திக்கும் பீலிக்கரைக்கும் அது போகலாம். நுவரெலியாப் பக்கம் வீட்டைச் சுற்றி கரட், பீட்றூட், உருளைக்கிழங்கு போடாதவர் யார்? மண்ணுக்குள் விளைபவையும் இலைக்கறிகளும்தான் ஈயம் கலந்த மண்ணைக் கூடுதலாகச் சுமந்து வருபவை.

அமிலத்தை அப்பச்சோடாவோ சுண்ணாம்போ போட்டு நடுநிலையாக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். தவறிச் சிந்திய அமிலத்துக்கு அது சரியான முதலுதவி. ஆனால் அதனால் போவது அமிலம் மட்டுமே. அதில் கலந்திருந்த ஈயம் போகாது. மூலகத்தைத் தீயும் அழிக்காது, சோடாவும் அழிக்காது. அதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றலாம், அவ்வளவுதான்.

செனகல் தந்த பாடம்

மேற்கு ஆபிரிக்காவில் செனகலின் தலைநகர் டாக்காருக்கு அருகே தியாரோய் என்றொரு கடற்கரைப் பகுதி இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகப் பெற்றரி உடைத்தார்கள். ஈயத்துக்கு விலை ஏறியபோது, மண்ணில் உதிர்ந்து கிடந்த ஈயத் துணுக்குகளைப் பெண்கள் சலித்து எடுத்து விற்றார்கள். அந்த மண்ணைச் சாக்கில் கட்டி வீட்டுக்கும் கொண்டு வந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். இறந்த பிள்ளைகளின் சகோதரர்களையும் தாய்மாரையும் பரிசோதித்தபோது அவர்களின் இரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அந்தத் தாய்மார் தவறு செய்யவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடத்தான் மண்ணைச் சலித்தார்கள். அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2020 ஜூலையில் யுனிசெப் நிறுவனமும் பியூர் ஏர்த் அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகில் மூன்றில் ஒரு பிள்ளையின் இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பிள்ளைகளின் இரத்தத்தில், 100 மில்லிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக அது கூறியது. முறைகேடான பெற்றரி மீள்சுழற்சியை அதற்கு ஒரு பெரிய காரணமாகக் காட்டியது.

முறையாகச் செய்வது எப்படி?

நல்ல தொழிற்சாலையில் பெற்றரி உடைக்கப்படாமல், அமிலத்துடனேயே வந்து சேர வேண்டும். மூடிய இயந்திரத்துக்குள் அது நொறுக்கப்படும். அமிலம் தனியாகச் சேகரிக்கப்பட்டு நடுநிலையாக்கப்படும் அல்லது சுத்திகரித்து வேறு தேவைக்குப் பயன்படுத்தப்படும். நொறுங்கிய துண்டுகளை நீரில் இட்டால் பிளாஸ்ரிக் மிதக்கும், ஈயம் அமிழும். அரிசி களைவது போன்ற எளிய தத்துவம்தான். பிளாஸ்ரிக் கழுவப்பட்டு மீண்டும் பெற்றரிப் பெட்டியாகும். ஈயப் பசையிலுள்ள சல்பேற்றைச் சோடியம் காபனேற்று போன்ற காரத்தால் முதலில் நீக்குவார்கள். இல்லாவிட்டால் உலையில் கந்தகவீரொட்சைட்டு வாயு கிளம்பும். பிறகு காபனுடன் சேர்த்து உயர் வெப்பத்தில் உருக்கும்போது ஒட்சைட்டு தாழ்த்தப்பட்டு உலோக ஈயம் கிடைக்கும். உலைப்புகை வடிகட்டிகள் ஊடாகவே வெளியே போகும். தொழிலாளர் முகமூடி அணிவார்கள், வேலை உடையை வீட்டுக்குக் கொண்டு செல்லமாட்டார்கள், அவர்களின் இரத்தம் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்படும்.

இவை அனைத்துக்கும் செலவு உண்டு. கொல்லைப்புறத்தில் உருக்குபவருக்கு அந்தச் செலவு இல்லை. ஆகவே அவர் பழைய பெற்றரிக்குக் கூடிய விலை கொடுக்க முடிகிறது. நல்லவர் சந்தையில் தோற்கிறார். கொல்லைப்புறத்துக்காரர் சேமித்த பணத்தை உண்மையில் கட்டுவது அயல்வீட்டுப் பிள்ளைகள். நிலைபேறான மீள்சுழற்சி என்பது உலோகத்தை மீட்பது மட்டும் அல்ல. மீட்கும் செலவை இன்னொருவரின் உடலில் ஏற்றாமல் மீட்பதே நிலைபேறானது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கைத்தொலைபேசிக்குள் இருக்கும் சுரங்கம்

இனி இலிதியம் அயன் பெற்றரி. 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் இதை முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கியதற்காக ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றபோது குடினஃபுக்கு வயது 97. வயதாகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு நல்ல பதில்.

இதன் ஒரு மின்வாயில் இலிதியத்துடன் கோபாற்று, நிக்கல், மங்கனீசு ஆகியவை பல்வேறு விகிதங்களில் இருக்கும். மற்ற மின்வாய் பென்சில் கரி. கூடவே செப்புத் தகடும் அலுமினியத் தகடும். ஒரு கைத்தொலைபேசியில் கோபாற்று சில கிராம்தான். ஆனால் உலகின் கோபாற்றில் ஏறத்தாழ 70 வீதம் கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் சுரங்கக் குழிகளில் இறங்குவது உலகறிந்த துயரம். மேசை இலாச்சியில் நாம் மறந்து வைத்திருக்கும் பழைய தொலைபேசியிலுள்ள கோபாற்று மீண்டும் பயன்பட்டால், அந்த அளவுக்கு மண்ணைத் தோண்டும் தேவை குறையும்.

இதை மீட்கும் முறை ஈயத்தைவிடக் கடினம். முதலில் எஞ்சிய மின்னை முழுதாக இறக்க வேண்டும். பின்னர் தீப்பற்றாத சூழலில் நொறுக்கி, செப்பையும் அலுமினியத்தையும் பிரித்தால் ஒரு கரும்பொடி மிஞ்சும். கோபாற்றும் நிக்கலும் இலிதியமும் அதற்குள்தான் இருக்கின்றன. அதை மீட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உயர் வெப்ப உலையில் உருக்குவது. அதில் கோபாற்றும் நிக்கலும் செப்பும் எளிதில் கிடைக்கும், இலிதியம் கசடோடு போய்விடும். மற்றது சல்பூரிக்கமிலத்திலும் ஐதரசன் பேரொட்சைட்டிலும் கரைத்து, உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது. இதில் இலிதியத்தையும் காபனேற்றாக வீழ்படியச் செய்யலாம். நாம் ஆய்வுகூடத்தில் பரிசோதனைக் குழாயில் செய்யும் அதே வீழ்படிவுதான், பெரிய அளவில்.

மலையக மக்களின் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தென் தமிழ்நாட்டில், காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது. அதற்கு நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். பெற்றரி பற்றிய ஆய்வுகள் அங்கே இன்றும் நடக்கின்றன. இந்தத் துறை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நமது நாட்டில் ஹைபிரிட் கார்கள் ஏராளம் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் நிக்கல் பெற்றரிகள் முதுமை அடைந்து வருகின்றன. பென்சில் கரியோ நமது மண்ணிலேயே உண்டு. நம் வகுப்பறையிலிருந்து இதைப் படிக்கப் போகிறவர்கள் வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அபாயகரமான கழிவுகளை நாடு விட்டு நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயம் 1989இல் நிறைவேற்றப்பட்டு 1992இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதே 1992இல் அதில் இணைந்தது. உள்நாட்டில், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி வெளியானது. அதன்படி பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவுகளைச் சேகரிக்க, கொண்டு செல்ல, களஞ்சியப்படுத்த, மீள்சுழற்சி செய்ய மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஈய அமிலப் பெற்றரியும் அந்தக் கழிவுகளில் ஒன்று.

இந்தியாவில் 2022 ஓகஸ்ட்டில் பெற்றரிக் கழிவு முகாமைத்துவ விதிகள் வந்தன. விற்றவரே திரும்பப் பெற்று மீள்சுழற்சிக்கு வழி செய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, பழைய பெற்றரியிலிருந்து கோபாற்று, செப்பு, ஈயம், நிக்கல் ஆகியவற்றில் 90 வீதத்தையும் இலிதியத்தில் 50 வீதத்தையும் 2027 முடிவுக்குள் மீட்க வேண்டும் என்கிறது. 2031இல் இவை 95 வீதமும் 80 வீதமும் ஆகும். சட்டம் முயன்றால் நஞ்சு குறையும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2002இல் நமது நாடு ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தியது. நமது தலைமுறை அந்தப் புகையைச் சுவாசிக்காமல் பிறந்தது.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, பெற்றோர்களே, சட்டம் லயத்துக் காம்பராவரை வருவதற்குள் நாமே செய்யக்கூடியவை சில உள்ளன.

1. வாகனப் பெற்றரியை வீட்டில் திறக்கவோ உடைக்கவோ உருக்கவோ கூடாது. தூண்டில் குண்டுக்காகவும் கூடாது. புதிது வாங்கும்போது பழையதை உடைக்காமல் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

2. பழைய பெற்றரியை நிமிர்த்தியே வையுங்கள். சமையலறையிலும் பிள்ளைகள் விளையாடும் இஸ்தோப்பிலும் வைக்காதீர்கள்.

3. உப்பிய கைத்தொலைபேசிப் பெற்றரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், மீண்டும் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். முனைகளில் ரேப் ஒட்டி, எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

4. டோர்ச் பெற்றரியையும் பொத்தான் பெற்றரியையும் குப்பையோடு எரிக்காதீர்கள். ஒரு போத்தலில் சேர்த்து வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பொத்தான் பெற்றரியைச் சிறு பிள்ளை விழுங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அது தொண்டைக்குள்ளேயே புண்ணாக்கும்.

5. வீட்டில் யாராவது பெற்றரி வேலை செய்தால், உண்பதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும். வேலை உடையை வீட்டு உடுப்புகளுடன் சேர்த்துக் கழுவாதீர்கள்.

6. பிள்ளைகளுக்குக் கீரை, பருப்பு, நெத்தலி, பால் கொடுங்கள். இரும்பும் கல்சியமும் நிறைந்த உடல் ஈயத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும்.

இறுதியாக எங்கள் கடைக்கு வருகிறேன். அன்று பதில் சொல்லாமல் உள்ளே போன வாப்பா, இரண்டு கிழமை என்னுடன் இதைப் பற்றிப் பேசவில்லை. கடை வருமானத்தில்தான் என் வகுப்புக் கட்டணமும் தாத்தாவின் பிரசவச் செலவும் போகின்றன என்பது எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் தொலைபேசியில், “அந்த ஆளுக்கு இனிக் குடுக்கிறதில்ல மகள். அனுமதிப்பத்திரம் உள்ள எடத்துக்கு அப்படியே ஏத்துறன். கிலோவுக்குக் கொஞ்சம் கொறயும், பரவாயில்ல” என்றார்.

இப்போது கடையின் பின்புறம் ஒரு கொங்கிறீற்றுத் தொட்டி கட்டியிருக்கிறார். பழைய பெற்றரிகள் அதற்குள் நிமிர்ந்து நிற்கின்றன. மேலே தகரக் கூரை. பக்கத்தில் ஒரு வாளியில் சுண்ணாம்பு. கடையில் வேலை செய்யும் அண்ணனுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவர் அதைப் பாதி நாள் போடுவதில்லை என்று சலித்துக்கொள்கிறார். தாத்தாவின் குழந்தைக்கு இப்போது ஒரு வயது. தவழ்ந்து எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது. அந்தப் பழைய விறகடுப்பைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தை உம்மா மூன்று தடவை கழுவினார். பழைய கானில் எத்தனை ஆண்டுகளாக எவ்வளவு ஊற்றப்பட்டது என்று எங்களால் கணக்குப் பார்க்க முடியாது. இனி ஊற்றப்படாது என்பது மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.